கத்திரி இல்லாத சென்சார்

சென்சார் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது, கையில் கத்திரியோடு இருட்டில் படம் பார்க்கும் நாலு பேர்தான். எனக்கென்னவோ அவர்கள் மேல் அவ்வளவு கோபம் வருவதில்லை. எதை வெட்டச் சொன்னோம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம்.

எனக்குப் பயம் இன்னொரு சென்சாரிடம். அதற்குக் கத்திரியும் கிடையாது, ஆர்டர் காப்பியும் கிடையாது. "ஊரில் பிரச்சினை ஆகிவிடும் சார், நீங்களே பார்த்து விட்டுக்கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கும். அவ்வளவுதான்.

பெருமாள்முருகனுக்கு நடந்தது இதுதான். மாதொருபாகன் வெளிவந்தது 2010இல். நாலு வருஷம் யார் மனமும் புண்படவில்லை (!). 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் திடீரென்று போராட்டம், புத்தக எரிப்பு, பிறகு கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்றெல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அவரே அறிவித்தது அதன் பிறகுதான்.

இதில் அரசாங்கம் நாவலைத் தடை செய்யவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தடை போட்டிருந்தால் அதை எதிர்த்து வழக்காடலாம். தானே போட்ட கையெழுத்தை எதிர்த்து ஒரு மனுஷன் எங்கே போவான்? கடைசியில் விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. அந்த ஒப்பந்தம் செல்லாது, நீங்கள் எழுதுங்கள் என்று 2016 ஜூலை 5இல் தீர்ப்பு வந்தது. அவரும் மறுபடி எழுத ஆரம்பித்தார். ஆனால் நடுவில் போனது ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.

இத்தனைக்கும் இது புதுக் கேள்வியே இல்லை. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறை சொல்லும் கதை. நான் இடஒதுக்கீட்டில் சீட் வாங்கிப் படிக்கிறவன். அந்தப் படம் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. தேசிய விருது வேறு கொடுத்தார்கள், ம்ம்ம்... இருந்தாலும் அந்த வழக்கில் 1989இல் சுப்ரீம் கோர்ட் படத்தின் பக்கம் நின்றது சரிதான் என்பேன். கலவரம் வரும் என்று யாராவது மிரட்டினால் அதற்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, எங்களால் முடியாது என்று கைவிரிக்கக் கூடாது என்றது கோர்ட். எனக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்புதானே நாளைக்கு எனக்குப் பிடித்த நாவலுக்கும் வேண்டும்?

ஆனால் தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது, நடப்பு வேறு. 2013 ஜனவரியில் விஸ்வரூபத்துக்கு நம் கத்திரிக்காரர்கள் சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. தமிழக அரசு மாவட்டம் மாவட்டமாக 144 போட்டு நிறுத்தியது. 524 தியேட்டருக்கும் காவல் போடப் போலீஸ் போதாது என்பது முதல்வர் சொன்ன காரணம். கமல் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து, சில இடங்களில் சத்தத்தை எடுக்கச் சம்மதித்த பிறகு பிப்ரவரி 7இல்தான் படம் இங்கே வந்தது. அதற்குள் கோயமுத்தூர்க்காரர்கள் பஸ் பிடித்துப் பாலக்காடு போய், வெட்டாத படத்தையே பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.