பயணம் சொல்லாமல் போனவர்கள்

வீட்டிற்கு வருபவர் ஸலாம் சொல்லி வருவதும், போகிறவர் ஸலாம் சொல்லிப் போவதும் நம் குடும்பங்களில் சிறு பிள்ளையும் அறிந்த ஒழுங்கு. கடல் கடந்து செல்பவராயின், உற்றார் வீடுதோறும் ஏறி இறங்கிப் 'பயணம் சொல்லி' வருவார். இந்த ஒழுங்கை நம் உம்மா தொலைக்காட்சியிடமும் எதிர்பார்த்தார்கள் என்பதை ஒரு நாள் அறிந்தபோது நாம் சிரித்துவிட்டோம்.

உம்மா ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்த தொடர் ஒன்று, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நான்கைந்து சிக்கல்களை அரைமணி நேரத்தில் அவசரமாக அவிழ்த்துவிட்டு முடிந்து போயிற்று. திங்களன்று அதே நேரத்தில் வேறு முகங்கள், வேறு கதை. உம்மா சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "இவ்வளவு நாள் நம்ம வீட்டுக்கு வந்து போனவங்க, ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டாங்களே வாப்பா" என்றார்கள். அச்சொல்லின் கனம் பின்னரே நமக்கு விளங்கியது.

உம்மா மறைந்த பிறகு, நீண்ட தொடர்கள் எவ்வாறு விடைபெறுகின்றன என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது. அமெரிக்கத் தொடர்கள் சிலவற்றை மகன் எடுத்துத் தர, அவற்றின் இறுதிப் பகுதிகளைப் பார்த்தோம்.

அந்நாட்டிலும் தொடக்க காலத்தில் பெரும்பாலான தொடர்கள் விடைபெற்றதில்லை. நின்று போயின, அவ்வளவே. முடிவு தெரிந்த கதையை மறு ஒளிபரப்பில் யார் பார்ப்பார் என்ற வணிகக் கணக்கும் அதற்கு ஒரு காரணம். அவ்வழக்கத்தை உடைத்தவற்றுள் புகழ் பெற்றது 'தி ஃபியூஜிடிவ்'. மனைவியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட மருத்துவர் கிம்பிள், உண்மைக் கொலையாளியான ஒற்றைக் கை மனிதனைத் தேடி 1963 முதல் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக ஓடினார். 1967 ஆகஸ்ட் 29 அன்று அந்த ஓட்டம் முடிந்தது. அவர் நிரபராதி என்பது மெய்ப்பட்டது. நாட்டு மக்கள் வேலையை விட்டுவிட்டுத் திரைமுன் அமர்ந்தனர். பார்ப்பவர்களுக்கும் ஒரு கடன் உண்டு என்பதைத் தொலைக்காட்சி அன்று உணர்ந்தது எனலாம்.

ஆயினும் சிக்கலை அவிழ்ப்பது வேறு, விடைபெறுவது வேறு. 1977 மார்ச் 19 அன்று முடிந்த 'தி மேரி டைலர் மூர் ஷோ'வில் இவ்வேற்றுமையைக் கண்டோம். அது ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்திப் பிரிவைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். புதிய நிலைய மேலாளர் அனைவரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, திறமையே இல்லாத செய்தி வாசிப்பாளரை மட்டும் வைத்துக்கொள்கிறார். கடைசி நாளில் எல்லோரும் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிறார்கள். கண்ணீர் துடைக்கக் காகிதம் வேண்டும். ஆனால் பிடியை விட எவருக்கும் மனமில்லை. அணைத்தபடியே சிற்றடி வைத்து நகர்ந்து மேசையை அடைகிறார்கள். இறுதியில் மேரி அறையைத் திரும்பிப் பார்த்து, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிறார். கதை என்று அங்கே எதுவுமில்லை. ஓர் அறைக்குச் சொல்லப்பட்ட ஸலாம் அது.

'ஆஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்' என்ற குடும்பத் தொடர் 1956 ஏப்ரல் 2 முதல் 54 ஆண்டுகள் ஓடியது. அதன் முதற்சொல், ஒரு மனைவி கணவருக்குச் சொன்ன காலை வணக்கம். 2010 செப்டம்பர் 17 அன்று அதன் இறுதிச் சொல், அவர்களுடைய மகனாகிய முதிய மருத்துவர் சொன்ன இரவு வணக்கம். முதற்சொல்லைப் பேசிய நடிகை ஹெலன் வாக்னர் அதே ஆண்டு மே மாதம் காலமாகியிருந்தார்.

இவற்றுக்கு மாறானதும் உண்டு. குற்றக் கும்பல் தலைவன் ஒருவனின் கதையாகிய 'தி சோப்ரானோஸ்' 2007 ஜூன் 10 அன்று முடிந்தபோது, அவன் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்திருக்கிறான். கதவின் மணி ஒலிக்கிறது. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். திரை சட்டென்று கறுத்துவிடுகிறது. தம் வீட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது என்றே பலர் எண்ணினர். சிலருக்கு வாழ்க்கை அப்படித்தான் முடிகிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நம்மை உறங்கவிடாமல் செய்தது 'மாஷ்' என்னும் தொடர். மூன்றாண்டுகள் நடந்த கொரியப் போரின் களமருத்துவமனையைப் பற்றிய இத்தொடர், 1972 முதல் 1983 வரை பதினொரு பருவங்கள் நீடித்தது. ஹாக்ஐ என்னும் மருத்துவர் 1975இல் விடுமுறை முடிந்து திரும்புகையில், அவருடைய உயிர்த்தோழர் ட்ராப்பர் நாடு திரும்பப் புறப்பட்டுவிட்டார். ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை. விமான நிலையத்திற்கு விரைகிறார் ஹாக்ஐ. பத்து நிமிடம் பிந்திவிடுகிறது. அங்கேதான் பி.ஜே. என்ற புதிய மருத்துவரைச் சந்திக்கிறார்.

1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான இரண்டரை மணி நேர இறுதிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். இயக்கியவர், ஹாக்ஐயாக நடித்த ஆலன் ஆல்டாவே. போர் முடிகிறது. பி.ஜே.யின் வாயில் மட்டும் விடைபெறும் சொல் வர மறுக்கிறது. மீண்டும் சந்திப்போம் என்றே சாதிக்கிறார். இனி நாம் சந்திக்காமலே போகலாம், அச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போ என்று மன்றாடுகிறார் ஹாக்ஐ. இறுதியில், குறிப்பு ஒன்று விட்டிருக்கிறேன் என்று கூறி பி.ஜே. மோட்டார் சைக்கிளில் போய்விடுகிறார். ஹாக்ஐயின் ஹெலிகாப்டர் மேலெழும்போது கீழே தரையில் வெள்ளைக் கற்களால் அடுக்கப்பட்ட எழுத்துகள் தெரிகின்றன. விடைபெறுகிறேன் என்னும் ஒற்றைச் சொல்.

அதைக் கண்ட இரவு நம் வாப்பாவை நினைத்தோம். பினாங்கில் கடை வைத்திருந்த அவர்கள், 1974இல் ஊரெல்லாம் பயணம் சொல்லி முடித்து, எங்கள் அழுகையைக் காணப் பொறாமல், நாங்கள் உறங்கும்போது விடியுமுன் புறப்பட்டுவிட்டார்கள். மூன்றாம் ஆண்டு ஒரு தந்தி வந்தது. அவர்களை அடக்கிய மண்ணும் பினாங்கிலேயே.

அதனினும் பாரமானது உம்மாவின் நினைவு. மருத்துவமனையில் கடைசி வாரத்தில் ஒரு மாலை நம் கையைப் பற்றி, "பயணம் சொல்லிக்கிறேன் வாப்பா, கொஞ்சம் இரு" என்றார்கள். நாம் பதறி, "அப்படியெல்லாம் பேசாதீங்க உம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று கையை விடுவித்துக்கொண்டு மருந்துச் சீட்டுடன் வெளியே போய்விட்டோம். ஆறுதல் சொன்னதாக அன்று நினைத்தோம். உண்மையில் அஞ்சி ஓடினோம். மறுநாள் அவர்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாப்பா சொல்லாமல் போனதை வாழ்நாளெல்லாம் சுமந்த அவர்கள், தாம் சொல்லிப் போக விரும்பினார்கள். அதைக் கேட்க ஒரு மகன் இருந்தும் இல்லாமல் போனான். பி.ஜே.யாவது கற்களை அடுக்கினார்.

'போய் வருகிறேன்' என்னும் நம் வழக்குச் சொல்லை நாம் குறைவாக மதிக்கவில்லை. அது ஒரு துஆ. ஆனால் திரும்பி வர இயலாதவர் தம் பயணத்தைச் சொல்ல முன்வரும்போது, அந்த துஆவைக் காட்டி அவர் வாயை அடைப்பது அன்பாகாது. சொல்வதற்கு அவருக்குத் துணிவு வேண்டும். கேட்பதற்கு நமக்கும் வேண்டும்.

சென்ற ஆண்டு, எண்பத்திரண்டு வயதான நம் சாச்சி காய்ச்சலில் படுத்தபோது, "பயணம் சொல்லணும்" என்றார்கள். பிள்ளைகள் தடுத்தனர். நாம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அருகே அமர்ந்தோம். அவர்கள் சொன்னவை பெரிய செய்திகள் அல்ல. பால்காரருக்குப் பாக்கி எவ்வளவு, கம்மல் எந்தப் பேத்திக்கு, இளமையில் நம் உம்மாவோடு ஒரு பட்டுப் புடவைக்காகப் போட்ட சண்டையில் தவறு யாருடையது என்பவையே. ஒரு மணி நேரம் கேட்டோம். முடித்ததும் நிம்மதியாக உறங்கினார்கள்.

அல்லாஹ்வின் அருளால் சாச்சி இன்றும் நலமாக இருக்கிறார்கள். சென்ற வாரம் மீண்டும் ஒருமுறை பயணம் சொன்னார்கள். மீண்டும் அமர்ந்து கேட்டோம்.