ஹைடியும் ஒரு கம்பளிச் சட்டையும்

பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள், நூலக அறையைச் சுத்தம் செய்யப் போனேன். கேமரன் மலையின் ஈரத்தைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு நாள் வெயில் படாவிட்டால் செருப்பிலேயே பூஞ்சணம் பூத்துவிடும், புத்தகம் எம்மாத்திரம்? ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகு பிய்ந்த ஒரு பழைய நூல் கைக்கு வந்தது. அட்டையில் வெறுங்காலோடு ஒரு சிறுமி, பக்கத்தில் இரண்டு ஆடுகள், பின்னால் பனிமலை. 'ஹைடி'!

புகுமுக வகுப்பில் படித்தபோது, ஒரு கையில் அகராதியும் மறு கையில் புத்தகமுமாக நான் படித்து முடித்த முதல் ஆங்கிலக் கதை அதுதான். பெற்றோரை இழந்த ஐந்து வயதுச் சிறுமி ஹைடி. அவளுடைய சித்தி டேட்டே அவளை மலைமேல் தனியாக வாழும் தாத்தாவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். ஊரே அஞ்சி ஒதுங்கும் அந்த முரட்டுக் கிழவர், பேத்திக்குப் பரணில் வைக்கோல் மெத்தை போட்டுக் கொடுக்கிறார். ஆட்டுப்பாலும் நெருப்பில் வாட்டிய பாலாடைக்கட்டியும் கொடுக்கிறார். அவள் உட்காருவதற்கென்றே ஒரு முக்காலி செய்கிறார். பனிமூட்டத்துக்கு நடுவே லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்த மலை நம் லெம்பா பெர்த்தாம் மாதிரியே தெரிந்தது. தேயிலைக்குப் பதில் புல், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்!

அன்று எனக்குப் பிடிக்காதவள் ஒருத்திதான், அந்தச் சித்தி. ஹைடிக்கு எட்டு வயதாகும்போது அவள் திரும்பி வந்து, ஆசை காட்டிப் பிள்ளையை பிராங்க்பர்ட் நகரத்துக்கு அழைத்துப் போய்விடுகிறாள். "ராட்சசி!" என்று மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்.

நான் அன்று படித்தது சுருக்கப் பதிப்பு. இம்முறை என் மகன் முழு நூலையும் கைத்தொலைபேசியில் இறக்கித் தந்தான். மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். ஆனால் இந்த முறை நான் கண்ட கதை வேறு. அதைச் சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தாய் இல்லை. தகப்பன் வேலை தேடி இறங்கிப் போனவர், வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். பிள்ளை தாத்தாவோடு லயத்தில் இருந்தாள். தாத்தா தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு என்பது நமக்குத் தெரிந்ததுதானே? பெரிய மகன் இன்னும் வேலையில் இருப்பதால் அவருக்கு அந்தக் கூரை நிலைத்தது.

அவளுடைய சித்தி ஈப்போவில் இருக்கிறார், தொழிற்சாலை வேலை. "பிள்ளைய நான் கொண்டுபோய்ப் படிக்க வைக்கிறேன்" என்று அவர் கேட்டபோது, தாத்தா நேராக என்னிடம்தான் வந்தார்.

"என்ன டீச்சர் செய்யலாம்?"

நான் யோசிக்கவே இல்லை. "அனுப்பி வைங்க தாத்தா. அங்க பெரிய பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் இருக்கு. இங்க இருந்து என்ன ஆகப் போகுது?" என்றேன்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து சித்தி தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லையாம், பேச்சும் குறைந்துவிட்டதாம். "இன்னொண்ணு டீச்சர், சொன்னா சிரிப்பீங்க. இந்த ஈப்போ வெயில்ல கம்பளிச் சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் தூங்குறா. கழற்றச் சொன்னா அழுவுறா. துவைக்கவும் விட மாட்டேங்குறா." தாத்தா பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிக் கொடுத்த சட்டை அது. நானும் சிரித்தேன். "புது இடம்தானே, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இப்போது ஹைடிக்கு வருகிறேன்.

பிராங்க்பர்ட்டில் ஹைடியை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவும் இல்லை. நடக்க முடியாத கிளாரா என்ற பணக்காரச் சிறுமிக்குத் துணையாக, பெரிய மாளிகையில் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் வெள்ளை ரொட்டி கிடைக்கிறது. மலையில் இருக்கும் கண் தெரியாத கிழவிக்குக் கறுப்பு ரொட்டியைக் கடிக்கப் பல் இல்லையே என்று, அந்த ரொட்டிகளை அலமாரியில் ஒளித்து ஒளித்துச் சேர்க்கிறாள். வீட்டு நிர்வாகியான ரோட்டன்மையர் அம்மாள் அதைக் குப்பையென்று அள்ளி வெளியே போடச் சொல்கிறார். ஊரைப் பார்க்கலாம் என்று தேவாலயக் கோபுரத்தில் ஏறினால், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் கூரைகள்.

அவள் அழக்கூடாது, நன்றி கெட்டவள் என்று நினைப்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் விழுங்குகிறாள். உடம்பு இளைக்கிறது. இரவில் வாசற்கதவு தானாகத் திறந்து கிடப்பதைக் கண்டு, பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். கிளாராவின் தந்தையும் மருத்துவரும் விழித்திருந்து பார்த்தால், வெள்ளை இரவு உடையில் நிற்பது ஹைடி! தாத்தா வீட்டில் இருப்பதாகக் கனவு கண்டு, நட்சத்திரம் பார்க்கத் தூக்கத்திலேயே நடந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாள். மருத்துவர் மருந்து எழுதவில்லை. உடனே மலைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிடுகிறார்.

அந்த இடத்தில் எனக்குக் கம்பளிச் சட்டை நினைவுக்கு வந்தது. அதற்குமேல் அன்றிரவு படிக்க முடியவில்லை. அடுப்புப் புகையும் தாத்தாவின் வீட்டு வாடையும் அந்தச் சட்டையில்தானே இருந்தது? துவைத்தால் போய்விடுமே! அதற்காகத்தானே பிள்ளை அழுதது? நான் சிரித்தேனே!

ஏக்கம் ஒரு நோய் என்பது ஆசிரியை ஜொஹானா ஸ்பீரியின் கற்பனையன்று. 1688ஆம் ஆண்டிலேயே ஜொஹானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், அயல்நாடுகளில் இருந்த சுவிஸ் நாட்டவரைப் பீடித்த ஊர் ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டி ஆய்வேடு எழுதினார். ஊருக்குத் திரும்புவதே அவர் சொன்ன தலையாய மருந்து. ஸ்பீரியும் 1827இல் ஹிர்சல் என்ற மலைச் சிற்றூரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்து, மணமானபின் சூரிச் நகரத்தில் வாழ்ந்தவர். ஹைடியின் முதல் பாகம் 1880இலும் இரண்டாம் பாகம் 1881இலும் வெளிவந்தன.

அதே நாட்டில், அதே காலத்தில், அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் அதிகாரிகளே பிரித்தெடுத்து, பண்ணைக்காரர்களிடம் வேலைக்கு ஒப்படைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வழக்கம் வெகுகாலம் தொடர்ந்தது. அப்படி வளர்ந்தவர்களிடம் 2013இல்தான் சுவிஸ் அரசு மன்னிப்புக் கேட்டது. பிள்ளையின் நன்மைக்கே என்றுதான் அன்றும் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தானே சொன்னேன்?

இம்முறை டேட்டேமீது எனக்குக் கோபம் வரவில்லை. அவளும் பிறர் வீட்டில் உழைத்துப் பிழைக்கும் பெண். அக்காள் மகளை நான்கு ஆண்டுகள் தானே தாங்கியவள். நல்ல வேலை கிடைத்தபோது பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டாள். நல்ல இடம் கிடைத்தபோது மீண்டும் கூட்டிப் போனாள். அவள் கெட்டவள் அல்லள். ஆனால் இரண்டு முறையும் அவள் பிள்ளையிடம், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கவில்லை. ஈப்போச் சித்தி கேட்கவில்லை. தாத்தா என்னைக் கேட்டார். ஆசிரியையான நானும் பிள்ளையைக் கேட்கவில்லை!

எங்கள் பாட்டியின் நினைவும் வந்தது. தாப்பாப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனபோது, பாட்டியின் அப்பாவும் போனார். திரும்பவில்லை. அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் அப்படி நிர்க்கதியானார்கள். பக்கத்து வீட்டம்மா, இரத்த உறவு ஏதும் இல்லாதவர், ஐந்து பிள்ளைகளோடு ஆறாவதாகப் பாட்டியையும் சேர்த்துக்கொண்டார். அரிசி இல்லாத காலம். மரவள்ளிக்கிழங்கைத்தான் ஏழு பங்காகப் போட்டார்களாம். "என்னை யாரும் அநாதைன்னு சொன்னதில்ல. சுள்ளி பொறுக்குறது என் வேலை. நான் போகலேன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது" என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். தான் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிச்சயம் இருந்ததே, அதுதான் அவருக்கு வீடு.

மறுநாள் காலை தாத்தாவிடம் போய், "நான் சொன்னது தப்பு தாத்தா" என்றேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "ராத்திரி கதவத் தாழ் போடக் கை வரல டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சித்தியிடமும் பேசினேன். முதலில் அவருக்கு வருத்தம்தான். "என்ன குறை வச்சேன்?" என்று அழுதார். குறை வைக்கவில்லை என்பதை அவருக்கு விளக்குவதற்குள் எனக்கும் தொண்டை அடைத்தது. பிறகு பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி, முதன்முதலாக அவளையே கேட்டேன். "எங்கம்மா இருக்க ஆசை?" வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "தாத்தாவுக்கு மாத்திரை யாரு டீச்சர் எடுத்துக் குடுக்குறா?" என்றாள். அதுதான் அவளுடைய பதில்.

வந்துவிட்டாள். இனி எல்லாம் இன்பமயம் என்று கதை முடிக்க நான் ஸ்பீரி அல்லள். ஈப்போவில் கிடைக்கும் டியூஷன் இங்கில்லை என்பது உண்மை. தாத்தாவுக்கு வயதாகிறது. இடைநிலைப் பள்ளி, அதற்குப் பிறகு மேற்படிப்பு என்று அவள் ஒருநாள் இறங்கித்தான் ஆக வேண்டும். நம் பிள்ளைகள் மலையிலேயே முடங்கிவிட வேண்டும் என்று எந்த ஆசிரியை சொல்வாள்? போகத்தான் வேண்டும். ஆனால் வேர் பிடித்த கன்றை நேரமறிந்து, மண்ணோடு பெயர்த்து நட வேண்டும். இப்போது பள்ளி விடுமுறைகளில் சித்தி வீட்டுக்குப் போய் வருகிறாள். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அங்கே தூங்குகிறாளாம்.

ஹைடி நூலின் இரண்டாம் பாகத்துக்கு ஸ்பீரி இட்ட தலைப்பு, ஹைடி தான் கற்றதைப் பயன்படுத்துகிறாள் என்ற பொருள் தருவது. நகரத்தில் எழுத்துக் கற்ற ஹைடி, கண் தெரியாத கிழவிக்குப் பக்திப் பாட்டுகளை வாசித்துக் காட்டுகிறாள். ஆடு மேய்க்கும் பீட்டருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். ஆக, நகரம் அவளுக்குக் கொடுத்த நன்மையையும் அந்த அம்மையார் மறைக்கவில்லை. கற்றதைக் கொண்டுவந்து கொட்ட அவளுக்கு ஓர் இடம் இருந்தது என்பதுதான் சிறப்பு.

போன வாரம் மாலையில் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். வாசற்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவகத்தில் கொடுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள் பிள்ளை. "தாத்தா, அடுத்த செவ்வாக்கிழமை போவணும். வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்கு." தாத்தா தலையாட்டினார். கம்பளிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்திருக்கிறாள்!

பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, என்னைப்போன்ற ஆசிரியர்களே! தாயில்லாப் பிள்ளை, தகப்பனில்லாப் பிள்ளை நம் ஒவ்வொரு லயத்திலும் ஒன்றிரண்டு உண்டு. அவர்களுக்கு நல்லது செய்ய நினைக்காதவர் யாருமில்லை. செய்வதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல நேரமாகும். பொறுத்திருந்து கேளுங்கள்.