மிதி, பிடி, விடு

போன கோடையில் யோசெமிட்டியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். குரோவ்லாண்ட் ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை 120 நியூ பிரீஸ்ட் கிரேட் என்ற மலைப்பாதையாக வளைந்து வளைந்து இறங்கும். பாதி இறக்கத்தில் என் கால் ஒன்றைக் கவனித்தது: பிரேக் பெடல் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. இன்னும் கீழே போனது. பஞ்சை மிதிக்கிற மாதிரி இருந்தது.

பின்னால் இரண்டு பிள்ளைகளும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கியரைக் குறைத்து, பெடலை இரண்டு மூன்று முறை அடித்து, அடுத்த ஒதுக்கிடத்தில் எப்படியோ வண்டியை நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து கருகின வாடை. "ஏன்ப்பா நின்னுட்டோம்?" என்றாள் பதினோரு வயசு மகள். "வியூ பார்க்கலாம்" என்றேன். ஒரு மணி நேரம் வியூ பார்த்தோம்.

எங்கள் வண்டி 1976-ஆம் ஆண்டு ஜி.எம்.சி. மோட்டார்ஹோம். 26 அடி நீளம், ஆறு சக்கரம், பிள்ளைகளும் சாமானும் ஏறினால் சுமார் 12,000 பவுண்டு. முன்னால் இரண்டு சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின்னால் நான்குக்கும் டிரம். 1973 முதல் 1978 வரைதான் இந்த வண்டிகள் வந்தன. என்னைவிட மூத்த வண்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, மூத்தவர்களுக்கு உடம்புக்கு என்ன வரும் என்று யோசிக்கவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். சேலத்தில் இருந்த காலத்தில் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அம்பாசடர் ஓட்டியவர். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "ஏறின கியர்லயே இறங்குனியா? பிரேக் ஆயில் எப்ப மாத்துன?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. டிரைவில் போட்டுவிட்டு, இறக்கம் முழுக்க பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே வந்திருந்தேன். ஆயில்? வண்டி வாங்கி மூன்று வருஷத்தில் மூடியைத் திறந்து அளவு பார்த்ததோடு சரி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் கலந்தபின் அந்த உத்தரவாதம் 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, அது விசையைச் சக்கரம் வரை கொண்டுபோகும். ஆவி அமுங்கிவிடும். நாம் மிதிப்பது அந்தக் குமிழியை. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

சாஃப்ட்வேர்காரன் புத்தி, உடனே அப்கிரேடு தேட ஆரம்பித்தேன். இந்த வண்டிக்குப் பின்சக்கர டிஸ்க் பிரேக் கிட் கிடைக்கிறது. கூடையில் போட்டும் வைத்தேன். பழைய வண்டிகளையே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டு வந்து, முதலில் இருப்பதைச் சரிபண்ணு, அப்புறம் புதுசைப் பற்றிப் பேசலாம் என்றார். முன் இடது சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஊதிப்போயிருந்தது. மிதித்தால் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தாலும் லேசில் திரும்பாது. ஆக அந்த பிரேக் பேடு தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அதே நிலையில் புது டிஸ்க் மாட்டியிருந்தாலும் அதே ஒதுக்கிடத்தில்தான் நின்றிருப்போம்.

குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைகள் அதற்கே போயின. ஹோஸ் எல்லாம் புதுசு. நான்கு டிரம்முக்கும் புது சிலிண்டர், புது ஷூ. அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம் கழற்றும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, தூசியை ஊதாமல் ஈரமாக்கித் துடைத்தேன். ஆயிலை டாட் 4-க்கு மாற்றினேன். வெளியே வந்த பழசு, பில்டர் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். நான் சக்கரத்துப் பக்கம் படுத்துக்கொண்டு, "மிதி... பிடி!" என்பேன். நிப்பிளைத் திறந்தால் குமிழியோடு ஆயில் வரும். மூடிவிட்டு, "விடு." ஆறு சக்கரம். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், மூன்றாவது சக்கரத்தில் தானாகவே "பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள். "பிடிச்சிருக்கேன்னு சொல்லணும்மா" என்று திருத்த வாய் வந்தது. விட்டுவிட்டேன்.

இந்த ஜூலையில் அதே நெடுஞ்சாலையில் கிளம்பி, இந்த முறை மலையின் மறுபக்கமே போனோம். டெனாயா ஏரியில் காலை நனைத்தோம். டுவாலமி புல்வெளியில் தயிர்சாதம். டயோகா கணவாய் 9,943 அடி. அங்கிருந்து லீ வைனிங் ஊருக்குப் பன்னிரண்டே மைலில் மூவாயிரம் அடிக்கு மேல் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எங்கள் வண்டியின் எடைக்கு அந்த இறக்கத்தின் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 14 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளாததெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். போதாததற்கு, அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. வாக்குவம் பூஸ்டர் தருகிற உதவியும் குறையும், பெடலை அழுத்தித்தான் மிதிக்க வேண்டும்.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே இரண்டாவது கியர். வேகம் கூடினால் ஒரு முறை நன்றாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுவது. பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுவது. பாதி வழியில் மனைவி, "பெடல் எப்படி இருக்கு?" என்றாள். போன வருஷம் கேட்காத கேள்வி. "கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தூரத்தில் மோனோ ஏரி தெரிந்தது.

ஏரிக்கரையில் நிறுத்தியதும் மகள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஆறு சக்கரத்தையும் சுற்றி வந்தாள். முன்னால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு, பின்னால் நான்கும் ஒரே சூடு. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே எதுவோ இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டாள். அடுத்த ஆயில் மாற்றம் இரண்டு வருஷத்தில் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பின்சக்கர டிஸ்க் கிட் இன்னும் கூடையில்தான் கிடக்கிறது. வாங்குவேன், ஆனால் அவசரமில்லை.

நீங்கள் வாடகை மோட்டார்ஹோமில் போனாலும் சரி, சாவி வாங்கும்போது பிரேக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். இறங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். கருகின வாடை வந்தால் ஒதுங்கி, ஆற விடுங்கள். ஊர் கொஞ்சம் தாமதமாக வரட்டும்.

மோனோ ஏரி கடலைவிட இரண்டு மூன்று மடங்கு உப்பு. மீனே கிடையாது. தண்ணீருக்குள்ளிருந்து சுண்ணாம்புத் தூண்கள் கோயில் இடிபாடு மாதிரி எழுந்து நிற்கின்றன. சாயங்கால வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டே மகளிடம், "எப்படி இருக்கு?" என்றேன்.

"பிடிச்சிருக்குப்பா" என்றாள். இந்த முறை இலக்கணம் சரிதான்.