பாட்டியின் பாலாடை உருகும் தெரு... கடலூர் டு சிதம்பரம் ஒரு வெள்ளிப் பயணம்!

முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் சிதம்பரம் காசுக்கடைத் தெருவில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு குடும்பம் கடைக்குள் நுழையும். பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். மூடி தொலைந்த குங்குமச்சிமிழ், மூக்கு நசுங்கிய பாலாடை, திருகு போன கொலுசு. கடைக்காரர் உரசிப் பார்ப்பார், தராசில் வைப்பார், கால்குலேட்டரைத் தட்டுவார். ஐந்தே நிமிடம்தான்.

அந்தப் பாலாடையின் அடியில் இரண்டு எழுத்துகள் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயர். தராசில் அதற்கு எடை கிடையாது.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடினால், சுமார் 45 கிலோமீட்டர் வடக்கே கடலூருக்குப் போக வேண்டும். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் செஞ்சி மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி வாங்கிய கோட்டை இது. பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் எங்களுக்கு என்பது ஒப்பந்தம். சுட்டார்கள், குண்டு விழுந்த ஊர்களையெல்லாம் வளைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை!

கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியது நம்மூர் துணி. அதற்கு ஈடாக அவர்கள் கொண்டுவந்ததில் முக்கியமானது வெள்ளி. மெக்ஸிகோவிலும் பொலிவியாவிலும் வெட்டியெடுத்து, ஸ்பானியக் காசாகிக் கடல் சுற்றிய வெள்ளி. நம் பட்டறை மூசைகளில் உருகியதில் அதுவும் கலந்திருக்கும்.

கடலூர் கோட்டையை வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பிறந்தது 1649-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். அதே ஸ்பானியக் காசு பாஸ்டனிலும் உருகிக்கொண்டிருந்தது. அங்கே அப்போது வங்கி கிடையாது. காசு திருடு போனால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால் வசதியுள்ளவர்கள் காசை வெள்ளித்தட்டாரிடம் கொடுத்துக் குவளையாகவும் கிண்ணமாகவும் அடித்து, பெயரெழுத்து வெட்டி வைத்துக்கொண்டார்கள். கஷ்டம் வந்தால் உருக்கலாம், வராவிட்டால் பேரனுக்குக் கொடுக்கலாம். நம் வீட்டு நியாயம்தான் இது!

பால் ரெவெர் என்ற பாஸ்டன் தட்டார் 1768-ல் செய்த ஒரு கிண்ணம் ரொம்பப் பிரபலம். பிரிட்டிஷ் மன்னருக்குப் பணிய மறுத்த 92 சட்டசபை உறுப்பினர்களின் நினைவாக அடித்தது. அதைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் விளிம்பைச் சுற்றி வெட்டப்பட்டிருக்கின்றன. 1949-ல் பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையும் சேர்ந்த நன்கொடையில் அந்தக் கிண்ணத்தை வாங்கி, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வெறும் எடைக்கு வாங்கியிருந்தால் சில்லறைக் காசே போதும்.

மறுபடி சிதம்பரம். இந்த ஊர் நகைக்கு இன்னொரு பெயர் கவரிங். செம்பின் மேல் மெல்லிய தங்கம். தங்கம் அடகுக்கடையில் இருக்கும்போதும் கல்யாண வீட்டில் தலைநிமிர்ந்து நிற்கவைத்தது எத்தனையோ குடும்பங்களுக்குச் சிதம்பரம் கவரிங்தான். அதைக் கேலி செய்கிறவர்கள் அந்தக் கஷ்டம் தெரியாதவர்கள். பொன் வேய்ந்த கூரையின் கீழ் நடராஜர் ஆடும் ஊரில் பொன் பூச்சுக்கு இவ்வளவு மவுசு இருப்பதில் ஆச்சர்யமும் இல்லை.

ஆனால், கவரிங்கை யாரும் பேத்திக்கு எடுத்து வைப்பதில்லை. எடுத்து வைத்தது வெள்ளியை. பிறந்த குழந்தைக்குப் பாலாடை, தண்டை, அரைஞாண். பெண்ணுக்குச் சீராகக் குத்துவிளக்கு, சந்தனப்பேலா. வெள்ளி விலை ஏற ஏற அவைதான் முதலில் உருகுகின்றன. பழசைப் போட்டு எடுப்பது சேலம் கொலுசும், அச்சில் அழுத்திய லேசான தட்டும்.

வேறு வழியே இல்லை என்றால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், உடைந்திருக்கிறது என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. நசுங்கிய பாலாடையை நிமிர்த்தவும், விட்டுப்போன காதைப் பற்றவைக்கவும் தெரிந்த பத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். உமியோட்டுக் கனலும், வெங்காரமும், ஊதுகுழலும் இருந்தால் அரை மணி நேர வேலை. கடைக்காரரிடம் கேட்டால் பட்டறைக்கு வழி சொல்வார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தரம் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று இரண்டு கடைகளில் கேளுங்கள். அதற்கு முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுத்துப்போயிருந்தால் கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்த்தால் போதும், எழுத்து தெரியும்.