வாப்பாவின் மணிக்கூட்டைப் போல ஒன்று

ஒரு காலத்தில் சவூதிக்குப் போய் வந்த ஆண்களின் கையில் சீக்கோ ஃபைவ் மணிக்கூடு இல்லாவிட்டால்தான் அதிசயம். 1963இல் ஜப்பானில் வெளிவந்த அந்த வகை, சாவி கொடுக்காமலே கை அசைவில் ஓடும். வளைகுடாவில் விற்றவற்றில் கிழமையை அரபியிலோ ஆங்கிலத்திலோ வைத்துக்கொள்ளலாம். திருகோணமலையில் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேரிடம் இருந்தது.

எங்கள் வாப்பா 1984இல் தம்மாமிலிருந்து கொண்டுவந்தது நீல முகப்பு உள்ளது. அவர் மௌத்தான பிறகு அது கிண்ணியாவில் ராத்தா வீட்டு அலுமாரியில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அலுமாரியோடு போய்விட்டது. அத்தனை ஜனாஸாக்களை அடக்கிய நாட்களில் மணிக்கூட்டை யார் நினைத்தார்கள்? சென்ற வருடம் என் மகன் முதல் சம்பளம் எடுத்ததும், அதைப் போல ஒன்றை வாங்கி உம்மம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று இணையத்தில் தேடத் தொடங்கினான். அவனுக்கும் எனக்கும் மணிக்கூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் அகப்பட்டது நீல முகப்போடு பளபளவென்று இருந்தது. "அசல், பழையது, பாவிக்காதது" என்று எழுதியிருந்தார்கள். மகன் படத்தை எடுத்துக்கொண்டு, துறைமுகப் பக்கம் நீண்ட காலமாக மணிக்கூடு திருத்தும் நானாவிடம் போனான். நானும் கூடப் போனேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்தா, நாற்பது வருஷத்து முகத்தில ஒரு சுருக்கமும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? இது புதுசாகப் பூசினது."

பழைய முகப்பைச் சுரண்டி, மீண்டும் நிறம் பூசி, எழுத்து அச்சடித்து விற்பது பெரிய தொழிலாம். மும்பாயிலிருந்து நிறைய வருவதால் சேகரிப்பவர்கள் அதற்கு "மும்பாய் ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2016இல் மூட முடிவான இந்தியாவின் எச்.எம்.டி. நிறுவனத்தின் மணிக்கூடுகளும் இப்படி, தொழிற்சாலை ஒருபோதும் போடாத நிறங்களில் உலவுகின்றன. பூசிய முகப்பில் எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருக்கும். நிமிடக் கோடுகள் விளிம்போடு ஒத்துவராது.

நானா இன்னொன்றும் காட்டித்தந்தார். சீக்கோவின் பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கும் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். முகப்பின் அடியில் எறும்பளவு எழுத்தில் உள்ள எண்ணும் பெரும்பாலும் அதே நான்கில்தான் தொடங்கவேண்டும். தனியாக உள்ள தொடர் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 47 என்று தொடங்கினால் ஏழாம் மாதம். வருடம் 1974ஆ 1984ஆ என்பதை இயந்திர எண்ணைக் கொண்டுதான் சொல்லவேண்டும்.

மகன் அந்த வியாபாரியிடம் பின்மூடியைத் திறந்து ஒரு படம் கேட்டான். "வாங்குவதென்றால் வாங்கு" என்று பதில் வந்தது.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே ஈரம் குற்றமல்ல, மழையில் நனைந்தது. பழைய மணிக்கூட்டிலும் கறை குற்றமல்ல. ஏலத்தில் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் ஆட்கள் இணையத்திலும் உண்டு. ஹதீஸில் தடுக்கப்பட்ட நஜ்ஷ் என்பது இதுதான்.

நம்மூரில் தனியாக ஒரு சரக்கும் இருக்கிறது. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்ததால், "வெள்ளைக்காரன் நேவி மணிக்கூடு" என்ற பெயரில் எதையும் விற்கலாம். பின்மூடியில் அம்புக்குறி இருந்தாலே அசல் என்கிறார்கள். அதை எவரும் வெட்டலாம். சகோதரிகளே, அந்தக் காலத்து மணிக்கூடுகளில் இருளில் ஒளிரவென்று ரேடியம் பூசினார்கள். அது பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. ஆகவே வீட்டில் திறக்கவோ, பிள்ளைகள் சுரண்டவோ விடாதீர்கள்.

இரண்டாவதாகக் கிடைத்தவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். கேட்கும் முன்னரே சொன்னார்: கண்ணாடியும் பட்டியும் மாற்றியது, முகப்பு அசல், நான்காம் எண்ணருகே ஒரு பழுப்புப் புள்ளி. பின்மூடி திறந்த படமும் வந்தது, இலக்கங்கள் ஒத்துப்போயின. பொருளைக் காணாமல் வாங்குவது பற்றி நமது ஷாஃபிஈ மத்ஹபில் இருக்கும் பேணுதலை நினைத்து, முன்கூட்டிப் பணம் அனுப்பவேண்டாம் என்று நான் சொன்னேன். பேருந்து நிலையத்தில் நேரில் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, பிறகே காசு கொடுத்தான்.

உம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஒங்கட வாப்பாட மணிக்கூட்டுக்கு இதவிடச் சத்தம் கூட" என்றார். சற்றுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை.

நானா கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட ஒரு கிழமை எடுத்தார். அந்தக் கூலியையும் முதலிலேயே விலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது. இப்போது நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. தண்ணீர் புகாது என்று பின்மூடியில் எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்கு வயதாகிவிட்டதால், வுழூச் செய்யப் போகுமுன் கழற்றி ஜன்னலோரம் வைக்கிறான்.