பன்னிரண்டு கிலோ கறியும் ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பையும்

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிருக்கிறீர்களா? சென்னை சென்ட்ரல் இல்லை, ஸார். இது தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் மலையில், குரங்கணிக்கு மேலே. பெயரைக் கேட்டு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அங்கே ரயில் என்றைக்குமே வந்ததில்லை.

வந்தது ரோப்வே. மூணாறு பக்கத்துத் தேயிலைக்காக வெள்ளைக்காரன் 1902-ல் ஒரு மோனோ ரயிலும், 1908-ல் ஒரு குட்டி ரயிலும் போட்டான். டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கம்பியும் போயாச்சு. பெயர் மட்டும் மிச்சம். அப்புறம் அந்த மலையில் எது இறங்கினாலும் குதிரை முதுகு, இல்லாவிட்டால் மனுஷன் தலை.

2019 தை மாதம். ஆபீஸ் நண்பனின் தாய்மாமனுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் காப்பித் தோட்டம். தோட்டத்துக் கோயிலில் கிடாவெட்டு, வாங்க என்றார். கறி என்றால் நான் இமயமலைக்கே போவேன். இது மூன்று மணி நேர ஏற்றம்தானே!

கூடவே ஒரு பொறுப்பு. மூன்று கிடா வெட்டுகிறார்கள். கிடா இருபது கிலோ நின்றால் பத்து கிலோ கறி தேறும். பாதி அங்கேயே பந்திக்கு. மீதியில் போடி சொந்தக்காரர்களுக்குப் பன்னிரண்டு கிலோ பங்கு இறங்கியாக வேண்டும். காப்பி சீசன் என்பதால் குதிரைகளெல்லாம் மூட்டையோடு பிஸி. "நான் சுமந்து வர்றேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஆராய்ச்சி. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் எல்க் என்ற பெரிய மானைச் சுட்டுவிட்டு, எலும்பை நீக்கியும் எண்பது தொண்ணூறு கிலோ வருகிற கறியை மூன்று நான்கு நடையாக முதுகில் சுமந்து வருகிறார்கள். அதற்கென்றே சட்டம் வைத்த பை. பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குகிற பெல்ட். (நம் ஊரில் வேட்டை 1972 சட்டத்தோடு முடிந்த கதை. யாராவது "காட்டுப்பன்றி, ஃப்ரெஷ்ஷு" என்று ரகசியமாகப் பொட்டலம் நீட்டினால் ஓடிவிடுங்கள். அவர் பிடிபடும்போது நீங்களும் பிடிபடுவீர்கள்.)

சென்னையில் அப்படி ஒரு பை வாங்கினேன். ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய், தவணையில். கூடவே ஐஸ் பெட்டி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், மடக்குக் கத்தி. எல்லாம் சேர்ந்து காலியாகவே ஏழு கிலோ. பி.காம் படித்த மூளை கணக்குப் போட்டது: சரக்கு 12, பேக்கிங் 7, மொத்தம் 19. பேக்கிங் மட்டும் 37 சதவீதம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இருந்தாலும் வாங்கியாச்சே!

பஸ்ஸில் போடி (ரயில் 2010-ல் நின்றது, 2023-ல்தான் திரும்பி வந்தது). முந்தல் தாண்டி குரங்கணி. வனத்துறை செக்போஸ்ட்டில் பெயர் எழுதிவிட்டு ஏறினோம். பாதி வழியில் ஐஸ் உருகி முதுகு வழியே கால்வரை வந்தது. பார்ப்பவர்கள் தப்பாக நினைத்திருப்பார்கள்.

தோட்டத்தில் ஒரு பெரியவர். அறுபது தாண்டியவர். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கறியக் குளிப்பாட்டவா கொண்டாந்தீக?"

அவருடைய சாமான்கள்: ஒரு பழைய வேட்டித் துணி, ஒரு சாக்கு, ஒரு கயிறு, சும்மாட்டுக்கு ஒரு துண்டு. மொத்தமாக ஒரு கிலோ தேறாது. கிடா வெட்டியதும் கறியைப் பெரிய பெரிய துண்டமாகப் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிட்டார். "சூட்டோட மூட்டை கட்டுனா நாறிப் போகும். பிளாஸ்டிக்குல போட்டா வேர்த்து நாறும். துணின்னா மூச்சு விடும்ல?" நல்லி எலும்பு தவிர மற்ற எலும்பையெல்லாம் கழித்துவிட்டார். "குழம்புக்குச் சாறு வேணும்னா இங்கயே குடிச்சிட்டுப் போங்க. அதை எதுக்குத் தலையில ஏத்துறீக?"

அமெரிக்காக்காரன் சொல்வதும் இதேதான்: எலும்பை விடு, ஆறவிடு, துணிப் பையில் போடு. அவன் துணிக்கு விலை மட்டும் டாலரில்.

பந்தி முடிந்து மத்தியானம் ரெண்டரை. வேட்டித் துணியில் கட்டிய கறியைப் பையில் இறக்கி, பெல்ட்டை மாட்டப் போகிறேன். லைன் வீட்டுப் பக்கம் சத்தம். தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. செல்போனில் சிக்னல் இல்லை.

யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு பையன் 108-க்குச் சொல்ல குரங்கணிக்கு ஓடினான். ரெண்டு பேர் கம்பு வெட்டினார்கள். கம்பளியின் ரெண்டு முனையையும் கம்பில் முடிந்தார்கள். டோலி தயார்.

பெரியவர் என் பையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மெத்தை எதுக்கு?"

"இடுப்புக்குங்க."

"அறுத்துக்கிறவா?"

இன்னும் நாலு தவணை பாக்கி. தலையாட்டினேன். அரிவாளால் ஒரே இழுப்பு. இடுப்புப் பட்டை கம்பின் ஒரு முனைக்கு, தோள்பட்டை ரெண்டும் மறு முனைக்கு. கறி மூட்டை திண்ணையிலேயே கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உள்பட.

இறக்கத்தில் டோலிக்கு ஒரு கணக்கு உண்டு. உயரமான ஆள் முன்னால், குட்டையான ஆள் பின்னால். நோயாளியின் தலை மேட்டுப் பக்கம். இல்லாவிட்டால் சரிந்து முன்னால் வந்துவிடுவார். நான் ஐந்தே முக்கால் அடி. ஆகவே முன்னால்! என் முறை வந்தபோது எட்டுகளை எண்ணினேன். நூற்றுப்பத்து. அதற்குள் தோள் மரத்து, முழங்கால் நடுங்கி, காலடியில் கல் உருண்டது. "மாத்து" என்று ஒரு குரல். கம்பு நிற்கவே இல்லை. ஆள் மட்டும் மாறினான். மெத்தை இல்லாமல் ஐம்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். பெரியவர் முன்னூறு எட்டு சுமந்தார், பேசிக்கொண்டே.

வழியில் ஒரு திருப்பத்தில் எதிர் மலையைக் காட்டினார். "போன வருசம் தீப்பிடிச்சது அந்தப் பக்கம்தான்." 2018 மார்ச் 11. மலையேற வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, மொத்தம் இருபத்து மூன்று பேர் இறந்துபோனார்கள். முதலில் ஓடியது கீழேயிருந்த ஊர்க்காரர்கள். காயம்பட்டவர்களை இறக்கியதும் இதே கம்பும் போர்வையும்தான். "அன்னிக்கு நானும் போனேன் தம்பி. எல்லாரும் உங்க வயசு. முதுகுல இதே மாதிரிப் பைக." அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் குரங்கணி. 108 நின்றிருந்தது. போடி ஆஸ்பத்திரியில், மாரடைப்பு, நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "கறிப் பங்கு வந்துச்சா?"

நான் பட்டை இல்லாத பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. பரிதாபம் போலிருக்கிறது.

இருபது நாள் கழித்து ஆபீஸுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே வேட்டித் துணியில் கட்டிய உப்புக்கண்டம். மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்தது. தபால் ரசீதில் எடை ஒரு கிலோ சொச்சம். "உங்க பங்கு மூணு கிலோ. காஞ்சு இம்புட்டுதான் ஆச்சு. கோவிச்சுக்காதீக" என்று மாமா எழுதியிருந்தார்.

அடியில் என் பையின் இடுப்புப் பட்டை. துவைத்து, இஸ்திரி போட முயற்சி செய்து, ஒரு ஓரத்தைப் பொசுக்கியிருந்தார்கள்.