பலாலிக்கு ஒரு மணி நேரம்

"தஞ்சாவூரிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" என்று நம் ஜில்லாவில் யாரைக் கேட்டாலும், "அது அயல் நாடு அல்லவா!" என்றுதான் பதில் வரும். நேயர்கள் பூகோளப் படத்தை எடுத்து நூல் பிடித்துப் பார்க்கட்டும். திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 184 கிலோமீட்டர். ரயில் பாதையில் சென்னைப் பட்டணம் இதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு!

2025 மார்ச்சு இறுதியில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆகாய விமானம் பறக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் என் நண்பர் கணித மாஸ்டருடன் அதில் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று.

மாஸ்டர் பலாலிப் பக்கத்துக்காரர். 1990-ல் யுத்தத்துக்குத் தப்பிப் படகேறி இராமேசுவரம் வந்தவர். தஞ்சையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலந் தள்ளியவர். வேண்டிய அனுமதிகளையெல்லாம் பெற்று, முப்பத்தைந்து வருஷத்துக்குப் பின் சொந்த ஊர் பார்க்கப் புறப்பட்டார்.

"நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விட்டிருக்கிறார்களே! காங்கேசன்துறைக்குச் சுமார் 60 கடல் மைல்; நாலு மணி நேரப் பிரயாணந்தான்" என்றேன்.

"வேண்டாம், தம்பி. அந்தக் கடலை ஒரு தரம் இரவிலே பார்த்தது போதும்" என்றார்.

எங்கள் விமானம் காற்றாடி பூட்டிய சிறு விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப்படி 22 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். அட்டவணையிலோ ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், இறங்கும் திசை பார்த்து வளையவும் நேரம் வேண்டாமா? குறுகிய பிரயாணத்தில் முழு வேகத்துடன் பறப்பது சொற்ப நேரமே. மாஸ்டர் இதைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டே காட்டினார்.

கீழே காவிரி நீர் பாயும் பசிய வயல்கள், பிறகு தென்னந்தோப்புகள், பிறகு சமுத்திரம். ஜன்னல் ஆசனத்தை எனக்குக் கொடுத்துவிட்ட மாஸ்டர், கடல் முடியும் வரையில் கண்களைத் திறக்கவேயில்லை.

பலாலி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைந்த விமானத் தளம். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. செம்மண்ணும் பனைமரங்களுமான பூமி. காவிரியைப் போல் ஓர் ஆறு அங்கே இல்லை. சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய கிணறுகளே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம்.

யுத்த காலத்தில் இத்தளத்தைச் சுற்றியிருந்த நிலங்களை ராணுவம் வேலியிட்டு அடைத்தது. பின்னர் அவற்றில் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாக உடையவர்களிடம் திருப்பித் தந்தது. மாஸ்டரின் நிலம் இன்னும் வேலிக்கு உள்ளேதான் இருந்தது. முள்கம்பிக்கு வெளியே நின்று, தூரத்துப் பனைகளைச் சுட்டிக் காட்டினார்.

"அந்த மூன்றாவது பனைக்குப் பின்னால்தான் எங்கள் கிணறு, தம்பி."

"எவ்வளவு தூரம் இருக்கும், மாஸ்டர்?"

"நானூறு அடி இருக்கும்."

அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்கவில்லை.